சுத்துக்கேணி நாற்று

"மொதல்ல உங்க பேரு, வயசு சொல்லுங்க."

"கமலவேணி. அம்பத்தேழு. ஆதார்ல அறுபது. எது வேணுமோ எழுதிக்குங்க, சார்."

அந்த 'சார்' என்பதில் கிண்டல் தூக்கலாக இருந்தது. ஜெகநாதன் கேட்காததுபோல் எழுதிக்கொண்டார். கிண்டலுக்கெல்லாம் கோபித்துக்கொள்கிற நிலைமையில் அவர் இல்லை.

பாகூர் பக்கத்துக் கழனிப் பெண்களின் வாழ்க்கையைத் தொகுத்து நூலகத்தில் சிறப்பு மலர் போடுகிறார்கள். அதில் தன் பெயர் வரப்போவதை டீக்கடை முதல் பால் சொசைட்டி வரை அவர் சொல்லி முடித்துவிட்டார். கட்டுரை எழுதுவது மட்டும்தான் பாக்கி. எழுதிக் கொடுத்த இரண்டையும் மலர்ப் பொறுப்பாளர் அருள்மொழி திருப்பிவிட்டாள்.

"ஐயா, உங்க கட்டுரையில பொம்பளைங்க கூழு எடுத்தாந்து வெச்சிட்டுப் போயிடறாங்க. மிச்சமெல்லாம் ஆம்பளைங்க வீரமா இருக்குது" என்றவள், கடைசி வாய்ப்பாக ஒரு படிவத்தைக் கொடுத்தாள். யாரிடம் கேட்டாலும் முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல் கேட்க வேண்டும்; சொன்னதை மாற்றாமல் எழுத வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள் கட்டுரை வராவிட்டால் அவர் இல்லாமலே மலர் அச்சுக்குப் போய்விடும். அப்புறம் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

கமலவேணி தரையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்து வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் ஜெகநாதன். கையில் சர்க்கரை போடாத காபி. சுவர் அலமாரியில், 'சிறந்த நெல் விவசாயி' என்று பொறித்த கேடயம் பளபளத்தது.

"உங்க வூட்டுக்காரரு வாங்கினதா?" என்று படிவத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"அவரு கைநீட்டி வாங்கினாரு. அதுல சந்தேகமே இல்ல."

ஜெகநாதன் காபியை ஒரு வாய் குடித்துக்கொண்டார். அந்த வருஷத்துக் கதையைச் சொல்லச் சொன்னார்.

முப்பத்திரண்டு வருஷம் ஆகிறதாம். நாற்றங்காலில் நாற்று நடவுக்குத் தயாராகும் நேரத்தில், தன் தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் புருஷன் புறப்பட்டுவிட்டார். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிவிட்டுப் போகச் சொன்னாளாம். மழையெல்லாம் வராது என்று வானத்துக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லிவிட்டுப் போனாராம். மூன்று நாள் விடாத மழை. நாற்று மொத்தமும் அழுகிப்போயிற்று.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? எங்க அம்மா வூட்டுக்கு ஓடினேன், சுத்துக்கேணிக்கு. எங்க அண்ணன் கழனியில நட்டது போக நாத்து மீந்து கெடந்துச்சு. டெம்போ வெச்சு எடுத்தாந்தேன். மூணு மாசப் புள்ளைய மோட்டார் கொட்டாயில ஏணை கட்டிப் போட்டுட்டு, எட்டுப் பொம்பளைங்களோட எறங்கி நட்டேன். பதினஞ்சு நாள் கழிச்சு அவரு வர்றதுக்குள்ள கழனி பச்சையாயிடுச்சு."

ஜெகநாதனின் பேனா நின்றுவிட்டது.

"வந்து பாத்து... அவரு இன்னா சொன்னாரு?"

"வரப்புல நின்னு, இடுப்புல கைய வெச்சிக்கினு, 'பாத்தியா நான் வுட்ட நாத்த'ன்னாரு."

தொண்டையைச் செருமிக்கொண்டார் ஜெகநாதன். "நீங்க உண்மையச் சொல்லலியா?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அவரு மொகத்துல அவ்ளோ சந்தோஷம். சரி, போவட்டும்னு வுட்டுட்டேன். அறுவடையில அந்தக் கழனிக்குத்தான் பரிசு. மேடையில ஏறி வெத வித்தவருக்கு நன்றி, உரக்கடைக்கு நன்றி, மோட்டாருக்குக்கூட நன்றி சொன்னாரு. நான் புள்ளைய இடுப்புல வெச்சிக்கினு மூணாவது வரிசையில நின்னு கை தட்டினேன்."

இப்படியும் ஒரு மனுஷனா என்று கேட்கத்தான் நினைத்தார். படிவத்தைப் பார்த்து வேறொன்றைக் கேட்டார்.

"இந்த நாத்து விஷயம் அவருக்கு எப்பதான் தெரிஞ்சுது?"

கமலவேணி ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றாள். "இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் தெரியாது."

அடுப்பில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது. கடிகாரத்தில் மணி நாலரை. எழுதிய பக்கத்தை ஜெகநாதன் மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தார். முதல்முறையாக அவர் எழுத்தில் ஒரு பெண் கூழ் எடுத்து வரவில்லை. அருள்மொழி கட்டாயம் இதை எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொண்டால் ஊரே படிக்கும். டீக்கடையில் உரக்கப் படிப்பார்கள். அந்தப் பத்தியை மட்டும் அடித்துவிட்டால் கேடயம் பிழைக்கும்; கட்டுரை செத்துப்போகும்.

"வாணாம்னா அடிச்சிடுங்க" என்றாள் கமலவேணி, அவர் விரலையே பார்த்தபடி. "முப்பத்திரண்டு வருஷம் சொல்லாம இருந்தவ. இன்னம் கொஞ்ச நாள் இருக்க மாட்டேனா?"

அந்தக் குரலில் மட்டும் கிண்டல் இல்லை.

ஜெகநாதன் அடிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார். படிவத்தின் கடைசியில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"வூட்டுக்காரரு பேரு?"

"கட்டின நாள்லேர்ந்து அந்தப் பேர நான் வாயால சொன்னதில்ல. எங்க பக்கத்துப் பொம்பளைங்க யாரும் சொல்ல மாட்டோம். நீங்களே எழுதிக்குங்க, சார்."

அலமாரியில் இருந்த கேடயத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, கணவர் பெயர் என்றிருந்த இடத்தில் கொட்டை எழுத்தில், ஒரு எழுத்தும் விடாமல் 'ஜெகநாதன்' என்று எழுதிவிட்டு, குடித்த டம்ளரைக் கழுவி வைக்க எழுந்து அடுப்படிக்குப் போனார்.