பச்சை உடம்புக்காரி

குட்டிகளோடு தாய் நாயும் நன்றாக இருந்தால்தான் நாய்ப் பண்ணைக்கு லைசென்ஸ் என்பது புதுச் சட்டம். பண்ணைக்காரர் ஆறு குட்டிகளுக்கு நடுவே, மெத்தையில், கொழுகொழுவென்று ஒரு வெள்ளை நாயைப் படுக்க வைத்திருந்தார்.

சோதனைக்கு வந்த அதிகாரி உள்ளே நுழைந்ததும் அது துள்ளி ஓடிவந்து அவர் கையை நக்கியது.

"பாத்தீங்களா சார், என்ன பாசம்! பெத்து இருபது நாள்தான் ஆகுது. பச்ச உடம்புக்காரி, ராணி மாதிரி வச்சிருக்கேன்."

"தெரியுதே," என்றார் அதிகாரி, அதன் காதைச் சொறிந்தபடி. "திங்கக்கிழமை உங்க மச்சான் பண்ணையில நாலு பெத்திருந்தா. புதன்கிழமை பாலத்துக்கிட்ட இருக்கிற பண்ணையில ஏழு. இன்னிக்கு இங்க ஆறு. கொஞ்சம் ஓய்வு குடுங்கய்யா."

அப்போது, பூட்டியிருந்த பின்கதவுக்கு அப்பால் மெல்லிய முனகல் கேட்டது. ஆறு குட்டிகளும் தத்தித் தத்தி அந்தப் பக்கம் ஓடின.

"சாவிய எடுங்க," என்றார் அதிகாரி.