ஒரு கோப்பைத் தேத்தண்ணி

“இந்தக் கதை புதுசில்ல புள்ள” என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார் முனாஸ்.

அவர் மனைவி ஸுஹைரா திடுக்கிட்டாள். பெருநாள் மலருக்குக் கதை அனுப்ப இன்றுதான் கடைசி நாள். அவள் எழுதிய கதையில், பெண் பார்க்க வரும் மாப்பிள்ளைக்கு அன்று, திங்களும் வியாழனும் விரும்பிப் பிடிக்கும் சுன்னத்து நோன்பு. தேத்தண்ணியோடு வந்த பெண்ணின் கை நடுங்குவதைக் கண்டதும், அவள் முகம் வாடக்கூடாதென்று நோன்பை விட்டுவிட்டுக் குடிக்கிறான். எல்லாம் ஸுஹைராவின் கற்பனை.

“எந்தப் புத்தகத்துல வாசிச்சீங்க?”

“நான் எங்க புத்தகம் வாசிச்ச?”

“அதானே! உப்பளத்தை விட்டா உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஆனா இதே கதைதான். எனக்கு நல்லாத் தெரியும்.”

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய சஞ்சிகைகளைக் கட்டிலில் கொட்டிப் புரட்டினாள். எப்போதோ வாசித்தது மனதில் தங்கி, தன்னுடையதுபோல் வந்துவிட்டதோ?

“இஞ்சேருங்க, அழிச்சிடுறன். இன்னொருத்தர்ர கதை எனக்கு வேணாம்.”

முனாஸ் பதறிப்போய்க் கைப்பேசியைப் பறித்தார்.

“அழிக்காத! நான் உங்கட ஊர் எத்தாளைக்கு உன்னப் பொண் பாக்க வந்தது என்ன கிழமை?”

“வியாழக்கிழமை. தேத்தண்ணியக் கண்டிராத ஆள் மாதிரி ஒரே மடக்குல குடிச்சீங்களே, மறப்பனா...”

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். முனாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப... உங்கட நோன்பு?”

“அடுத்த திங்கள் புடிச்சிட்டன். நீ கதைய அனுப்பு.”