நாய்த் தட்டு

ஒரு சீன அச்சகத்தில், ஒவ்வொன்றும் ஒரு முழுச் சொல்லான ஈய எழுத்துகள் குடும்பம் குடும்பமாகத் தட்டுகளில் இருந்தன. நீரைக் குறிக்கும் கோடு உள்ளவை நீர்த் தட்டில். மரக் கோடு உள்ளவை மரத் தட்டில். 'தனிமை' என்ற எழுத்தின் இடப்பக்கம் நாயைக் குறிக்கும் கோடு இருந்தது. அதனால் நாய்த் தட்டில், 'ஓநாய்'க்கும் 'நரி'க்கும் நடுவே அதை வைத்திருந்தார்கள்.

"எனக்கு வால் இருக்கிறதா? நான் குரைக்கிறேனா? எனக்கென்று ஒரு தட்டு வேண்டும்" என்றது தனிமை.

"அச்சுக் கோப்பவர் உன்னை இங்கேதானப்பா தேடுவார்" என்றது நரி.

"வேண்டுமென்றால் நான் இருக்கும் இடத்துக்கு வரட்டும். இந்தக் கூட்டத்தில் நான் இல்லை."

சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் குதித்தது.

மறுநாள் ஒரு துண்டறிக்கைக்கு அந்த எழுத்து தேவைப்பட்டது. அச்சுக் கோப்பவரின் விரல்கள் நாய்த் தட்டைத் துழாவின.

"ஓய், உன்னைத்தான் தேடுகிறார்! கொஞ்சம் வெளிச்சத்துக்கு உருண்டு வாயேன்!" என்று ஓநாய் கத்தியது.

"என் தட்டு தயாராகிவிட்டதா?"

தயாராகவில்லை. அச்சுக் கோப்பவர் புதிதாக ஒரு 'தனிமை'யை வார்த்து அதே இடத்தில் வைத்தார். அது வந்ததும் வராததுமாக நரியோடு சிரித்துப் பேசத் தொடங்கியது.

"முதுகெலும்பில்லாத பயல்" என்றது மேசைக்கு அடியில் கிடந்த பழையது.

கேட்க யாருமில்லை. இடப்பக்கம் ஒட்டியிருந்த நாய் மட்டும் அதை விட்டுப் போகவில்லை.