முப்பத்தெட்டு கிலோ

விமானம் இன்னும் கிளம்பவில்லை.

ஓடுபாதை முழுக்க மூடுபனி. எங்கள் ஆய்வகத்துச் சன்னலில் எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை.

எங்கள் மருந்து போகவேண்டிய ஆஸ்பத்திரி இருக்கும் நகரம் எழுநூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி. பறக்க ஒன்றேகால் மணி நேரம். சாலை, சோதனை, ஏற்றி இறக்குவது எல்லாம் சேர்த்தால் மூன்று மணி நாற்பது நிமிடம்.

நாங்கள் அனுப்புவது ஸ்கேனுக்கு முன் போடும் கதிரியக்க ஊசி மருந்து. நூற்றுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகிவிடும். நான்கு பேருக்கு வேண்டுமென்றால் பதினாறு பேருக்கானதை ஈயப்பெட்டியில் வைத்து அனுப்புவேன்.

"நம்மளுது ஐஸ் வியாபாரம்மா. போய்ச் சேர்றதுக்குள்ள முக்கால்வாசி உருகிடும்" என்பார் மேலாளர்.

இன்றைய நான்கு பேரில் ஒருவர் அம்மா.

புற்று பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பரவவில்லை என்றால்தான் அறுவை சிகிச்சை. சித்தியோடு முந்தாநாளே ரயிலில் போய்விட்டாள்.

மற்றவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. பெட்டியோடு போகும் தாளில் எடை மட்டும்தான் இருக்கும். அந்த வரிசையில்தான் அங்கே ஊசி போடுவார்கள். மற்ற மூவரின் எடை எழுபத்தொன்று, அறுபத்து நான்கு, முப்பத்தெட்டு. அம்மா ஐம்பத்தாறு.

விமானம் நூற்றுப் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. சொல்லிவைத்தாற்போல.

கால்குலேட்டர் தேவைப்படவில்லை. நான்கு பேருக்கான மருந்து இரண்டு பேருக்கானதாகிவிட்டது.

மதியம் அந்த ஆஸ்பத்திரியின் டெக்னீஷியன் கூப்பிட்டார்.

"ரெண்டு பேருக்குத்தான் வந்துச்சு மேடம். தாள்ல இருக்கிற வரிசைப்படி போட்டுட்டோம். உங்கம்மாதான் முதல் ஆள், கவலைப்படாதீங்க."

மற்ற இருவரைப் பற்றிக் கேட்டேன்.

"திருப்பி அனுப்பிட்டோம். அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சுத்தான். அந்த முப்பத்தெட்டு கிலோ அக்காவுக்கு மூணு வாரம்..."

அவர் அதை முடிக்கவில்லை.

"ரெண்டு பேர் பிடிச்சுத்தான் எழுப்பினாங்க. ஒண்ணும் சண்டை போடல மேடம். ராத்திரியிலேர்ந்து பட்டினி, இப்ப ஒரு பிஸ்கட் சாப்பிடலாமான்னு மட்டும் கேட்டாங்க."

வைத்த கையோடு அம்மா கூப்பிட்டாள்.

"மருந்து வந்த உடனே முதல் ஆளா என்னைக் கூப்பிட்டுட்டாங்கடி. நல்லவேளை, இன்னும் கொஞ்சம் போயிருந்தா மயக்கமே வந்திருக்கும்."

சரிம்மா என்றேன்.

மேசையில் நேற்று மாலை ஆஸ்பத்திரி அனுப்பிய தாள் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் பெட்டிக்கான தாளைத் தட்டச்சு செய்திருந்தேன். அதில் அம்மா மூன்றாவது.

தட்டச்சு செய்யும்போது, அம்மாவுக்குப் பசி தாங்காதே என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆவதால் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்றும் நினைத்தேன்.

இரண்டு எண்களை மட்டும் இடம் மாற்றினேன்.

ஆஸ்பத்திரி தாளில் முதல் வரியில் இருந்தது முப்பத்தெட்டு.