கண்ணாடி துடைக்கும் செலவு

"அண்ணி வீட்டு ஜன்னலப் பாரு. கண்ணாடி இருக்கிறதே தெரியல."

காபியை உறிஞ்சிக்கொண்டே இவர் இதைச் சொல்லாத காலை கிடையாது.

எதிர்வரிசை மாடியில் ஓரகத்தி வீடு. இவருடைய அண்ணன் மனைவி. எனக்கு அக்கா முறை. வயிற்றெரிச்சலுக்கு முறை ஏது?

ஒரே ஒரு நாள், எங்கள் ஜன்னலைப் பற்றி இவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பார்க்காத வழி இல்லை. பழைய பேப்பரும் வினிகரும்தான் மலிவு என்றார்கள். வினிகர் மலிவுதான். தோள்வலிக்கு வாங்கிய தைலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இல்லை.

ஸ்ப்ரே அடித்தேன். பாதி காற்றுக்கு, பாதி என் மூக்குக்கு.

ரப்பர் வைப்பரை ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதும் என்றான் கடைக்காரன். யாருடைய ஆயுசு என்று கேட்காமல் வந்தது என் தப்பு.

கண்ணாடியில் தானே ஊர்ந்து துடைக்கும் மெஷினுக்குக் கரண்ட் கொஞ்சம்தான். அதற்கு மாற்றுகிற துணிதான் மாதாமாதம் சொத்தை எழுதிக் கேட்டது.

ஆள் வைத்தால் கூலி. அந்த ஆள் போன பிறகு நான் இன்னொரு தடவை துடைப்பேன், அதற்குக் கூலி கிடையாது.

இத்தனையும் செய்து, தெருவே பார்க்கட்டும் என்று திரையை ஒதுக்கிக் கட்டியும் வைத்தேன். இவர் கண் எதிர் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கடையில் வைத்து அவளையே கேட்டேன், ஜன்னல் துடைக்க மாசம் என்ன ஆகிறது என்று.

"செலவா? எனக்கு ஒண்ணும் ஆகறதில்லம்மா."

அழுத்தக்காரி. சொல்லமாட்டாளாம்.

மாடிக்கும் கூப்பிட மாட்டாள். எதுவானாலும் கீழே வாசலோடு பேசி அனுப்பிவிடுவாள். தூறல் விழுந்தாலே ஜன்னலின் மரக்கதவைச் சாத்திவிடுவாள், கண்ணாடியில் சொட்டுப் பட்டுவிடக் கூடாதே. வீட்டுக்குள்ளேயே சால்வை வேறு. பெரிய மகாராணி என்று நினைப்பு.

நேற்று அவள் பாத்திரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில், கூப்பிடாமலே படியேறிவிட்டேன். கதவு திறந்திருந்தது. அவள் அடுப்படியில் இருந்தாள்.

நேரே ஜன்னலுக்குப் போனேன். ஒரு கோடு, ஒரு விரல்தடம், ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. நாமே ஒன்று வைத்துவிட்டுப் போனால் என்ன என்று விரலை நீட்டினேன்.

விரல் வெளியே போனது. பின்னாலேயே கையும்.

கையை இழுத்துக்கொள்ளவும் தோன்றாமல் திரும்பினேன். சால்வையோடு நின்றிருந்தாள்.

"போன காத்துல நொறுங்கிப்போச்சு. அவருக்குச் சம்பளம் ஒழுங்கா வர ஆரம்பிச்சதும் மாட்டிரலாம். கொழுந்தனார்கிட்ட மட்டும் சொல்லிராத."

பிறகு என் தோளுக்கு மேலாக எதிர்ப்பக்கம் பார்த்தாள். வெயிலில் எங்கள் ஜன்னல் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"தினம் அதப் பாத்துக்கிட்டுதான் உக்காந்திருப்பேன். உன்மேல பொறாமையா இருக்கும்."

இன்று காலையும் அதே காபி, அதே பேச்சு.

"அவங்க கைவாகு அப்படி" என்று சொல்லிவிட்டு, திரையை அவிழ்த்து முழுசாக இழுத்துவிட்டேன்.