இடது கரை

ஆகஸ்ட் 10, ஞாயிறு. இன்று ஒரு சிறு பிழை. கரையை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

எழுதிவிட்டு, 'சிறு' என்பதை அடித்தான்.

மாலை வகுப்பில் நில அளவை படிக்கத் தொடங்கியதிலிருந்து வந்த பழக்கம் இது. தேதி, அன்றைய பிழை, மறுநாள் வேலை. மற்றதெல்லாம் கதை என்பார் வாத்தியார்.

விடுதி அறையில் இரண்டு கட்டில்கள். பூரணி தூங்கிவிட்டிருந்தாள். அல்லது அவன் அப்படி நினைத்தான்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு பகல் போதும். அவர்கள் மூன்று நாளாக வந்துகொண்டிருந்தார்கள்.

வழியில் உள்ள ஆறுகளின் கரையில் சைக்கிள் ஓட்டுவது, கல்யாணமான புதிதில் போட்ட திட்டம். இரண்டு சைக்கிளும் அப்போது வாங்கியவை. ஊருக்குள் கூடச் சரியாக ஓடவில்லை.

"எப்படியும் ரெண்டு பேரும் திருச்சிக்குத்தானே போகணும். வழியில ஓட்டிட்டே போயிடலாம்" என்று அவள்தான் சொன்னாள்.

திருச்சியில் குடும்ப நீதிமன்றம். மனு கொடுத்து ஆறு மாதம் முடிந்துவிட்டது. பிரிவதற்குச் சம்மதம் என்று நாளை இருவரும் இன்னொரு முறை சொன்னால் போதும்.

'நான் பேசுவது காதிலேயே விழுவதில்லை' என்று இருவரும் வக்கீலிடம் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். அவர் அதைக் கருத்து வேறுபாடு என்று எழுதிக்கொண்டார்.

காருக்குப் பின்னால் சைக்கிள் மாட்டும் சட்டம். உள்ளே அவனுடையது, வெளியே அவளுடையது. கோர்ட்டுக்குப் போகும் வழியில் அவள் அண்ணன் வீட்டில் அவளுடையதை மட்டும் இறக்க வேண்டும். அதை யோசித்துத்தான் கிளம்பும்போதே அந்த வரிசையில் மாட்டியிருந்தான்.

பாலாற்றில் மணல்.

தென்பெண்ணையில் வெயில்.

இன்று காலை குடமுருட்டி. தண்ணீர் இருந்தது.

பாலத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினார்கள். தண்ணீர் வரும் திசையில், மேற்கே போவதாகப் பேச்சு. அவள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் முன்னால போறேன். இடது கரையில வா."

சொல்லிவிட்டு மிதித்தான்.

ஆற்றுக்கு என்று ஓர் இடம் வலம் உண்டு. தண்ணீர் போகும் பக்கம் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இருப்பது இடது கரை. நாம் எந்தத் திசையில் போனாலும் அது மாறாது. மே மாதம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிரவு சாப்பிடும்போது தட்டில் ரசத்தை ஓடவிட்டு அவளுக்கு அதைக் காட்டினான். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உம் கூடக் கொட்டவில்லை.

அதனால் இன்று ஆற்றின் கணக்கில் சொல்லவில்லை. அவளுக்குப் புரியட்டும் என்று, போகிற திசைக்கு இடக்கைப் பக்கத்தைச் சொன்னான்.

மூங்கில் புதரைத் தாண்டித் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

எதிர்க்கரையில் மஞ்சள் சட்டை. அவளுடையது. பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போயிருந்தாள்.

போன் அடித்தது.

"ஏன் அங்க நிக்கிற?"

"நீ ஏன் அங்க போன?"

"நீதானே இடது கரைன்ன. தண்ணி கிழக்கால போகுது. அப்ப இதுதானே இடது?"

அவன் சைக்கிளை விட்டு இறங்கினான்.

"தட்டுல ரசத்த விட்டுக் காட்டினியே, அது என்ன?"

ஆற்றில் ஒரு வாழைமட்டை மிதந்து போனது. அது போய் மறையும் வரை பார்த்தான்.

"நான் கைப்பக்கத்தச் சொன்னேன்" என்றான்.

"அத அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

வைத்துவிட்டாள்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தம்பி, ஊட்டுக்காரம்மா அந்தாண்ட, நீங்க இந்தாண்ட? விடிஞ்சதுமே சண்டையா?"

"இல்லம்மா. கரை தப்பிப்போச்சு."

"யாருக்கு?"

அவன் சைக்கிளில் ஏறினான்.

அந்தக் கரையில் அவளும் ஏறினாள்.

நடுவில் ஆறு.

நாணல் அடர்ந்த இடங்களில் அவள் மறைந்துபோனாள். மஞ்சள் வெளிவரும் வரை அவன் மெதுவாக மிதித்தான். இந்தப் பக்கம் வாழைத்தோட்டம் குறுக்கிட்டுப் பாதை உள்ளே வளைந்தது. திரும்பக் கரைக்கு வந்தபோது, எதிரே அவள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கிளம்பினாள்.

அடுத்த பாலத்தில் அவன்தான் கடந்தான்.

திரும்பும்போது ஒரே கரையில் வந்தார்கள். அது இடதா வலதா என்று யாரும் சொல்லவில்லை.

கார் அருகே வந்ததும் அவன் இளநீர் வாங்கப் போனான். இரண்டு இளநீருடன் திரும்பி வருவதற்குள், அவள் சைக்கிள்களை மாட்டி வாரை இறுக்கியிருந்தாள்.

உள்ளே அவளுடையது. வெளியே அவனுடையது.

வரிசை மாறியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான்.

அவள் இளநீரை வாங்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

சொல்லவில்லை.

இப்போது ஜன்னல் வழியே கார் தெரிந்தது. சைக்கிள்கள் அப்படியே இருந்தன. அவன் குறிப்பில் இன்னும் ஒரு வரி பாக்கி.

எழுதினான்.

நாளை: திருச்சி. பூரணியின் சைக்கிளை எடுக்க வேண்டுமானால், முதலில் என்னுடையதை இறக்க வேண்டும்.