ஆறு பத்திலிருந்து ஏழு ஐந்து வரை

"நல்ல காலமோ கெட்ட காலமோ எண்டு நான் கேக்கேல்ல சாத்திரியார். எத்தினை மணிக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ."

சின்னராசா கதிரையின் நுனியில் இருந்தான். அன்புவழிபுரத்தில் கனகரத்தினம் சாத்திரியாரின் வீட்டுக்கு அந்த வாரம் இதே கேள்வியோடு வந்த பதினாலாவது ஆள் அவன்.

எல்லாவற்றுக்கும் காரணம் கடற்கரையில் புதிதாக எழும்பியிருந்த பெரிய ஹோட்டல்தான். வருகிற வியாழக்கிழமை அங்கே கசினோ திறக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு வரச் சொல்லி ஊர் மதிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கால் புதையக் கம்பளமாம். ஆடுகிறவர்களுக்குச் சாப்பாடு சும்மாவாம். சுழலும் சில்லில் ஓடுகிற சின்னக் குண்டு நீங்கள் சொன்ன நம்பரில் விழுந்தால் ஒன்றுக்கு முப்பத்தைந்தாம். துறைமுகப் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் அதுவரை ஆடியதெல்லாம் மீன்வாடியில் சாக்கு விரித்து ஆடும் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம்தான். தோற்றவன் காதில் இலைக்காம்பைக் கடுக்கனாக மாட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அந்த அனுபவத்தை நம்பியே, கந்தோர்க் கிளாக்கர் தங்கரத்தினம் வாங்கப்போகும் லொறிக்கு நிறம்கூடத் தெரிவு செய்துவிட்டார்.

சின்னராசா அவரையும் மிஞ்சியிருந்தான். வள்ளத்தின் எஞ்சினை விற்றுவிட்டு, ஒன்பதாயிரம் ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

சாத்திரியார் அந்த மடியைப் பார்த்தார். எஞ்சின் போனால் அவன் பெண்சாதி குணேஸ்வரியும் மூன்று பிள்ளைகளும் எதைச் சாப்பிடுவார்கள்? அவருடைய சொந்தத் தமையனே வீடு வளவைச் சீட்டில் தொலைத்துவிட்டு ஊரைவிட்டுப் போனவர். அன்றிலிருந்து சீட்டுக்கட்டைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். உம்முடைய சாதகத்தில் சும்மா வருகிற காசு இல்லை, எஞ்சினைத் திருப்பி வாங்கும் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னார். சின்னராசா அசையவில்லை. பதினைந்து வயதிலிருந்து கடலோடு மாரடிப்பதாகவும், ஒரே ஒரு நாள் அதிர்ஷ்டம் தன் பக்கம் திரும்பினால் போதும் என்றும் சொன்னான்.

"நீங்கள் சொல்லாட்டி நிலாவெளிச் சாத்திரியிட்டப் போவன். ஐஞ்சு ரூபாய் குடுத்தால் அவர் எமகண்டத்தையும் நல்ல நேரமாக்கித் தருவார். நான் போறது போறதுதான்."

சாத்திரியார் பஞ்சாங்கத்தை விரித்து, விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"வியாழக்கிழமை பின்னேரம் ஆறு பத்திலயிருந்து ஏழு ஐஞ்சு வரை. அதுக்குள்ள முதல் காசை வைச்சீரோ, தொட்டதெல்லாம் பொன். ஏழு ஐஞ்சு தாண்டிச்சோ, உமக்கு ஏழரைச் சனி பிறக்குது. பிறகு ஏழரை வருசத்துக்குச் சீட்டைக் கையாலயும் தொடக்கூடாது. தொட்டால் பெண்டில் பிள்ளையளுக்கும் ஆகாது."

இந்த நேரத்தை வேறு யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது என்றும் எச்சரித்து அனுப்பினார். சீட்டுக்காரன் பெண்சாதி சொல்லைத் தட்டுவான். சாத்திரம் சொன்னதைத் தட்டமாட்டான்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே ஹோட்டல் முற்றம் நிரம்பிவிட்டது. வெள்ளைக்காரர்களும் கொழும்பு ஆட்களும் ஒரு பக்கம், ஊர்ச் சீட்டுக்காரர்கள் ஒரு பக்கம். கசினோ மண்டபத்தின் கதவு மட்டும் பூட்டியிருந்தது. காவலுக்கு நின்ற கிண்ணியா முனாப், குத்துவிளக்கு ஏற்றிய பிறகுதான் திறப்பார்கள், அதற்கு நல்ல நேரம் ஏழு பன்னிரண்டு என்றான்.

சின்னராசாவின் தலையில் இடி விழுந்தது. ஒரு ரூபாயையாவது உள்ளே வைத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினான். முனாப் அசையவில்லை. ஆறரை ஆயிற்று. ஆறே முக்கால் ஆயிற்று. ஊர்க்காரர் எல்லோரும் மணிக்கூட்டைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக நின்றார்களே தவிர, ஒருவரோடொருவர் வாய் திறக்கவில்லை. தங்கரத்தினத்துக்குப் போட்டிருந்த சேட்டு வேர்வையில் நனைந்துவிட்டது.

ஏழு ஐந்துக்குச் சின்னராசா மடியைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"என்ன அண்ணே, இவ்வளவு நேரம் நிண்டுட்டுப் போறீங்க? இன்னும் ஏழு நிமிசந்தானே," என்றான் முனாப்.

சின்னராசாவுக்கு அழுகை வந்தது. விறுவிறென்று நடந்தான். அவனுக்குப் பின்னால் தங்கரத்தினமும் தலையைக் குனிந்தபடி வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை சின்னராசா சாத்திரியாரிடம் வந்து நடந்ததையெல்லாம் சொன்னான். எஞ்சினைத் திருப்பி வாங்கப் போகிற வழியில் வந்திருந்தான். இனி ஏழரை வருசத்துக்குச் சீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான்.

"உங்கட நேரத்தில பிழையில்லை சாத்திரியார். எவனோ ஒரு விசரன் அவங்களுக்கு ஏழு பன்னிரண்டு எண்டு நேரம் வைச்சுக் குடுத்திருக்கிறான். அவன்ர கை விளங்காது."

"விடும் சின்னராசா. ஆளை ஏன் திட்டுறீர்," என்றார் சாத்திரியார்.

அவன் படலையைத் தாண்டியதும், பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்திருந்த கடிதத்தை எடுத்து இன்னொரு தரம் வாசித்தார். விடிந்ததும் விடியாததுமாக ஹோட்டல் மனேஜர் காரில் கொடுத்தனுப்பியது அது.

'ஐயா, தாங்கள் எங்களுக்குக் குறித்துத் தந்தபடி சரியாக ஏழு பன்னிரண்டுக்கே கதவைத் திறந்தோம். ஆனால் ஆறு மணியிலிருந்து வாசலில் காத்து நின்ற ஊர்க்காரர் பதினாலு பேரும் ஏழு நிமிடம் முந்தித் திரும்பிப் போய்விட்டார்கள், என்ன தோஷமென்று பார்த்துச் சொல்லவும்.'